மைக்கேல் பாரடேயின் இரும்புத்தூள்

இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டனில் 1791-ஆம் ஆண்டு ஏழைக் கொல்லர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார் மைக்கேல் பாரடே. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டுந் தொழில் பயிலப் புகுந்து, கட்டுதற்கு வந்த நூல்களையே கற்றுத் தேறினார். 1813-இல் இரசாயன அறிஞராகிய டேவி அவரை ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராக அமர்த்தினார். காந்தத்தைக்கொண்டு 1831-இல் அவர் மின்சாரம் பிறப்பித்ததை மாணவர் யாவரும் அறிவர்.

ஈண்டுக் கூறப் புகுந்தது அத்துணைப் பெயர்பெறாத வேறொரு செயல். காந்தத்தைச் சூழ்ந்த வெளியெங்கும் விசைக் கோடுகள் செல்கின்றன என்பது பாரடேயின் கொள்கை. அவரோ கணிதப் பயிற்சி இல்லாதவர். ஆதலின் கற்றோர் பலர் ஐயுற்றனர். 1851-இல் அவர் காந்தத்தின்மேற் காகிதம் விரித்து இரும்புத்தூள் தூவினார்; தூள் வளைந்து வளைந்து அணிவகுத்தது. இவ்வாடல் முன்னோரும் கண்டதே. அதனை மெய்யான விசையின் படமெனக் கொண்டு, மெழுகுக் காகிதத்தில் அழியாது பதித்து வைத்தவர் பாரடே. அவற்றுட் சில இன்றும் பேணப்படுகின்றன. அக்கோடுகளுக்கு மாக்ஸ்வெல் கணித உருவம் அளித்தார். சாண்டிமனியர் என்னும் சிறு கிறிஸ்தவ சபையில் மூப்பராகவும் ஊழியஞ்செய்த பாரடே, 1867-இல் காலமானார்.

இக்காலத்து அறிஞர், மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய கரிக்குழல்களை மையிற் கலந்து அச்சிட்டு, வாயுவையும் அழுத்தத்தையும் உணரும் கருவிகள் இயற்றுகின்றனர். குழல்கள் தாறுமாறாய்க் கிடப்பின் மின்சாரம் செவ்வனே செல்லாது. காந்தத்துக்கோ அவை எளிதில் இணங்கா. ஆதலின் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களை அவற்றின்மேல் ஒட்டுகின்றனர். மை உலருமுன் காந்தத்தை அருகே வைத்தால், துகள்கள் இழுக்கக் குழல்கள் ஒருதிசை நோக்கித் திரும்புகின்றன. மை உலர்ந்தபின் அவ்வண்ணமே நிலைத்துவிடுகின்றன.