தடுப்பவர் ஒருவர் வேண்டும்: இமாம் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் வாழ்க்கை



இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போவது கராமத்துகள் நிறைந்த ஒரு வலிமாரின் வரலாறு அல்ல. தன்னலம் என்பதை ஊராரிடம் மட்டும் பார்க்காமல், தன் சொந்த நஃப்ஸிலேயே பார்த்துப் பழகிய ஓர் ஆலிமின் வரலாறு. அவர்தான் இமாம் இப்னு கல்தூன் (ரஹ்மத்துல்லாஹி அலைஹி). அரபிக் கல்லூரியில் ஓதும் காலத்தில் அவர் பெயர் எங்கள் காதில் விழுந்ததுண்டு. வரலாற்று ஆசிரியர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உஸ்தாது அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். அவர் ஒரு காழியாக இருந்தவர் என்பதும், அந்தப் பதவியிலிருந்து ஐந்து முறை இறக்கப்பட்டவர் என்பதும் பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஹிஜ்ரி 732, ரமளான் முதல் பிறையில், அதாவது 1332 மே மாதம், தூனிஸ் நகரில் பிறந்தார். யமன் நாட்டு ஹளரமவ்த்தைச் சேர்ந்த வம்சம். முன்னோர்கள் ஸ்பெயினில் இஷ்பீலிய்யா என்ற செவில் நகரத்தில் செல்வாக்கோடு வாழ்ந்து, அந்த ஊர் கிறிஸ்தவ மன்னர் கைக்குப் போவதற்குச் சற்று முன்பாக ஆப்பிரிக்கக் கரைக்கு வந்துவிட்டார்கள். குர்ஆனை மனனம் செய்தார், மாலிகி ஃபிக்ஹ் ஓதினார். 17 வயதுக்குள் பெரிய கொள்ளைநோய் வந்தது. தாயும் தகப்பனாரும் அதில் வஃபாத்தானார்கள். உஸ்தாதுமார்களில் பலரும் போய்விட்டார்கள். ஒரு வாலிபனுக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

20 வயதை ஒட்டி தூனிஸ் அரண்மனையில் முதல் வேலை கிடைத்தது. அரசாணைகளின் தலைப்பில் அல்லாஹ்வைப் புகழும் வாசகத்தைப் பெரிய எழுத்தில் எழுதும் வேலை. கௌரவமான வேலைதான், ஆனால் அவருக்கு அது போதவில்லை. தூனிஸின் படையோடு வெளியே போனார். படை தோற்றது. அவர் ஊர் திரும்பவில்லை. ஃபாஸ் நகரத்துச் சுல்தான் அபூ இனானின் சபையில் போய்ச் சேர்ந்தார். அங்கே சோறு போட்ட சுல்தானுக்குத் தெரியாமல், சிறை வைக்கப்பட்டிருந்த பிஜாயா நகரத்து இளவரசர் அபூ அப்துல்லாஹ்வோடு ரகசிய ஏற்பாட்டில் இறங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1357-ல் சிறைக்குப் போனார். ஏறத்தாழ இரண்டு ஆண்டு. சுல்தான் இறந்த பிறகுதான் வெளியே வந்தார். வெளியே விட்ட அமைச்சரோடாவது நின்றாரா? இல்லை. அந்த அமைச்சரை எதிர்த்து வந்த அபூ ஸாலிமின் பக்கம் சேர்ந்து, அவருடைய அந்தரங்கச் செயலாளரானார். அபூ ஸாலிமும் 1361-ல் கொல்லப்பட்டார். புதிதாக அதிகாரத்துக்கு வந்தவர் பழைய சிநேகிதர், ஆனால் எதிர்பார்த்த பதவியைத் தரவில்லை. இளமைத் திமிரினால் தகுதிக்கு மேல் ஆசைப்பட்டேன் என்ற கருத்தில் இமாம் பிற்காலத்தில் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். நம்மில் எத்தனை பேர் நம்மைப் பற்றி அப்படி எழுதுவோம்?

பிறகு ஸ்பெயினுக்குப் போனார். கர்னாத்தா சுல்தான் ஐந்தாம் முஹம்மது அவரை மரியாதையோடு வைத்துக்கொண்டு, 1364-ல் செவில் மன்னர் பெட்ரோவிடம் தூது அனுப்பினார். தன்னிடமே தங்கிவிட்டால் முன்னோர்களின் சொத்துகளைத் திருப்பித் தருவதாக மன்னர் சொன்னார். இமாம் மறுத்துவிட்டார். இதையும் நாம் மறக்கக் கூடாது. பதவி ஆசை இருந்த மனிதர்தான், ஆனால் எல்லாவற்றையும் விற்கக்கூடியவராக இருக்கவில்லை.

அடுத்த ஆண்டே பிஜாயாவில் இருக்கிறார். ஃபாஸில் அவரோடு சேர்ந்து திட்டம் போட்ட அதே இளவரசர் இப்போது அங்கே சுல்தான், இவர் முதன்மை அமைச்சர். மலைவாழ் பெர்பர் கூட்டத்தாரிடம் படையோடு போய் வரி வசூலித்தார். 1366-ல் சுல்தான் தன் ஒன்றுவிட்ட சகோதரர் அபுல் அப்பாஸோடு நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். இறந்தவரின் பிள்ளைகளில் ஒருவரைச் சுல்தானாக்கலாம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். இமாம் நகரத்தை வென்றவர் கையில் கொடுத்துவிட்டார். அதன்பின் சில காலம் திலிம்ஸான் சுல்தானுக்காகப் பாலைவனத்து அரபுக் கூட்டங்களைத் திரட்டினார். பிறகு அதே கூட்டங்களை அந்தச் சுல்தானின் எதிரிக்காகத் திரட்டினார். இந்தப் பகுதியை விரிவாகச் சொல்ல எனக்கு மனமில்லை, பெயர்கள் மட்டும்தான் மாறும். கர்னாத்தாவில் அமைச்சராக இருந்த, அவரைப் பெரிதும் மதித்த இப்னுல் கத்தீப், எதிரிகளின் சூழ்ச்சியால் ஃபாஸ் சிறையில் கொல்லப்பட்டார். அவருக்காக இமாம் சிபாரிசு செய்து பார்த்தும் பலிக்கவில்லை.

அதற்குப் பிறகு 1375-ல், 43-ஆவது வயதில், இன்றைய அல்ஜீரியாவில் கல்அத் இப்னு ஸலாமா என்ற மலைக்கோட்டைக்குக் குடும்பத்தோடு ஒதுங்கினார். ஏறத்தாழ நான்கு ஆண்டு அங்கே இருந்தார். உலகம் இன்றும் படிக்கிற முகத்திமாவின் முதல் வடிவத்தை 1377-ல் ஐந்தே மாதத்தில் எழுதி முடித்தார்.

சகோதரர்களே, அந்தக் கிதாபில் அவர் சொல்லும் ஒரு விஷயத்தை என் வார்த்தையில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஒரு மனிதனுக்கு ஒரு நாள் உணவு, கொஞ்சம் கோதுமை. அதை அரைக்க வேண்டும், பிசைய வேண்டும், சுட வேண்டும். இந்த மூன்றுக்கும் பாத்திரமும் கருவியும் வேண்டும். அதற்குக் கொல்லர், தச்சர், குயவர் வேண்டும். மாவே வேண்டாம், பச்சைக் கோதுமையைத் தின்கிறேன் என்றாலும் விதைக்க, அறுக்க, கதிரடிக்க ஆள் வேண்டும். தனி மனிதனால் ஒரு நாள் சோற்றைக்கூடத் தானாக உண்டாக்க முடியாது. ஆகவே மனிதர்கள் சேர்ந்துதான் வாழ வேண்டும். ஆனால் சேர்ந்தவுடனே அடுத்த சிக்கல் வருகிறது. அடுத்தவன் கையில் இருப்பதை எடுத்துக்கொள்ளும் குணம் மனிதனுக்குள் இருக்கிறது. சிங்கத்தை விரட்ட வாளும் ஈட்டியும் உதவும், அடுத்த மனிதனை விரட்ட உதவாது, ஏனென்றால் அவனிடமும் அதே வாள் இருக்கிறது. அதனால் ஒருவரை ஒருவர் மீறாமல் தடுக்க ஒரு தடுப்பவர் வேண்டும். அவரை இமாம் வாஸிஃ என்று அழைக்கிறார். அந்தத் தடுப்பவர் வானத்திலிருந்து வருபவர் அல்ல, அவர்களில் ஒருவராகத்தான் இருப்பார், மற்றவர்கள் மீது கை ஓங்கியவராக இருப்பார்.

நாட்டுப்புறத்துக் கூட்டங்களில் தலைவர்கள் மீதுள்ள மரியாதை தடுக்கிறது. நகரத்தில் ஆட்சி தடுக்கிறது. ஆனால் அந்த ஆட்சியே அநியாயம் செய்தால், அதைத் தடுக்க நகரத்தில் யாருமில்லை. அப்போது மக்கள் உழைப்பதை விட்டுவிடுவார்கள், ஊர் பாழாகும் என்று அவர் விளக்குகிறார். ஸஹாபாப் பெருமக்களைப் பற்றி எழுதும்போது அவர் சொல்லும் விஷயம் வேறு. அவர்களுக்குத் தடை வெளியிலிருந்து வரவில்லை, ஈமானிலிருந்து, உள்ளுக்குள்ளிருந்து வந்தது. பிற்காலத்தில் அது குறையக் குறையத்தான் வெளித்தடைகள் அதிகமாயின என்கிறார்.

நம் வீடுகளில் தகப்பனார் சொத்தைப் பிரிக்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். சகோதரிக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். தெரியாமல் யாரும் அதை விழுங்குவதில்லை. அந்த அறையில் தடுப்பவர் இல்லை, அவ்வளவுதான்.

முகத்திமாவோடு வாழ்க்கை முடிந்திருந்தால் நான் இவரைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். ஹஜ்ஜுக்குப் போவதாகச் சொல்லி 1382-ல் தூனிஸை விட்டுப் புறப்பட்டு, எகிப்துக்கு வந்தார். அல்அஸ்ஹரில் தர்ஸ் நடத்தினார். 1384-ல் சுல்தான் பர்கூக் அவரை மாலிகி மத்ஹபின் தலைமைக் காழியாக நியமித்தார். தடுப்பவர் வேண்டும் என்று எழுதியவருக்கு, 52 வயதில், தடுக்கும் வேலையே வந்து சேர்ந்தது.

அந்த நாளில் கெய்ரோவில் ஒரு பத்திரம் செல்ல வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். விற்பனை, கடன், வக்ஃபு எல்லாமே அவர்கள் கையில் இருந்தது. அவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், விலைக்குப் போனவர்களும் இருந்தார்கள். எந்தக் காழிக்கும் அது தெரியாமல் இல்லை, தெரிந்தும் கையை வைக்கவில்லை. ஏன் தெரியுமா? அந்தச் சாட்சிகளில் பலர் அமீர்களின் வீடுகளில் குர்ஆன் கற்றுக் கொடுப்பவர்கள், அவர்களுக்கு இமாமாக நின்று தொழவைப்பவர்கள். பெரிய மனிதர்களின் நிழல் அவர்கள் மேல் இருந்தது. இந்த இடத்தை முதலில் வாசித்தபோது கிதாபை மூடி வைத்துவிட்டேன். நானும் தொழவைத்துச் சம்பளம் வாங்குகிறவன்.

வக்ஃபு சொத்துகள்தான் அவர்களுக்கு நல்ல வேட்டை. அல்லாஹ்வுக்கென்று கொடுக்கப்பட்டு, விற்கவோ வாங்கவோ கூடாத நிலத்தை, ஏதோ ஒரு மத்ஹபின் ஏதோ ஒரு சட்டச் சந்தில் நுழைந்து, அமீர் ஒருவருக்குச் சொந்தமாக்க ஆவணம் தயாராகும். கேட்டால் எல்லாம் ஷரீஅத்படி என்பார்கள். நான்கு மத்ஹபுக்கும் நான்கு தலைமைக் காழிகள் இருந்த நகரம் அது, ஒரு கதவு மூடினால் இன்னொன்றைத் தட்டலாம். முஃப்திகள் என்று உட்கார்ந்திருந்தவர்களில் ஒழுங்காக ஓதாதவர்களும் இருந்தார்கள். வழக்காடும் இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக ஆளுக்கொரு ஃபத்வாவோடு வருவார்கள். தன்னலத்தைத் தடுக்கப் போட்ட வேலிக் கம்பியையே பிடுங்கி, தன்னலம் தனக்கு ஏணி செய்துகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இமாம் அவர்கள் மேல் கை வைத்தார். பொய்ச் சாட்சிகளைத் தண்டித்தார், சிலர் இனி எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடக் கூடாதென்று தடுத்தார். தகுதியில்லாத முஃப்திகளின் வாயை அடைத்தார். சிபாரிசோடு வந்த பெரிய மனிதர்களைத் திருப்பி அனுப்பினார். சக காழிகளே வந்து, வெளிப்படையான சாட்சியை வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கு அனுசரணையாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டார்கள். அவர் இணங்கவில்லை. எகிப்துக் காழிகளின் உடையையும் அவர் அணியவில்லை, மக்ரிப் நாட்டு உடையிலேயே சபைக்கு வந்தார். ஊர் வழக்கத்தை மதிக்காத அந்நியர் என்று அதற்கும் பேச்சு. அவர் கடுமையானவர், தண்டனையில் வரம்பு மீறினார் என்று எழுதியவர்களும் உண்டு. ஹதீஸ் கலையின் பேரறிஞர் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்களே இவரைப் பற்றிக் குறையும் எழுதியிருக்கிறார்கள். நான் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டேன். சுல்தானிடம் புகார்கள் குவிந்தன.

அதே காலத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. இவர் திரும்பி வரட்டும் என்று தூனிஸ் ஆட்சியாளர் குடும்பத்தைப் பிணைபோல வைத்திருந்தார். பர்கூக்கின் கடிதத்துக்குப் பிறகு அனுப்பி வைத்தார். மனைவியும் மக்களும் ஏறி வந்த கப்பல் எகிப்துக் கரையை நெருங்கும்போது புயலில் மூழ்கியது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பதவியிலிருந்து விலகிவிட வேண்டும் என்று அவர் மனம் ஏங்கியது. நியமித்து ஓராண்டு முடிவதற்குள், 1385-ல், சுல்தான் விடுவித்துவிட்டார்.

1387-ல் ஹஜ் செய்தார், திரும்பி வந்து ஹதீஸ் தர்ஸ் நடத்தினார். ஸூஃபிகளின் கான்காஹ் ஒன்றின் பொறுப்பும் கிடைத்தது. 1389-ல் அமீர்கள் கலகம் செய்து பர்கூக்கை இறக்கினார்கள். அவரை எதிர்த்துப் போரிடலாம் என்று ஒரு ஃபத்வா தயாரானது. கெய்ரோவின் ஆலிம்கள் கையெழுத்திட்டார்கள், இமாமும் இட்டார். கட்டாயப்படுத்தினார்கள் என்பது அவருடைய விளக்கம். பர்கூக் மீண்டும் சுல்தானானார், கான்காஹ் பொறுப்பு போய்விட்டது. பொய்க் கையெழுத்துக்காகச் சாட்சிகளைத் தண்டித்த காழியிடம் ஒரு கையெழுத்து கேட்கப்பட்டது. அன்று அவருக்குப் பின்னால் நின்று காக்க யாருமில்லை.

14 ஆண்டுகள் கழித்து, 1399-ல், மீண்டும் காழியாக அழைக்கப்பட்டார், மீண்டும் நீக்கப்பட்டார். பதவி இல்லாத நிலையில் இளம் சுல்தான் ஃபரஜோடு திமிஷ்க் போனார். தைமூரின் படை நகரத்தைச் சுற்றி நின்றது. கெய்ரோவில் சதி நடப்பதாகக் கேள்விப்பட்ட சுல்தான் நகரத்தை விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவிட்டார். 1401 ஜனவரியில், 68 வயது முதியவரான இமாம், கோட்டைச் சுவரிலிருந்து கயிற்றில் இறங்கி தைமூரின் கூடாரத்துக்குப் போனார். குர்ஆன் பிரதி, தொழுகை விரிப்பு, புர்தாவின் பிரதி, நான்கு பெட்டி எகிப்து இனிப்பு ஆகியவற்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். தைமூரை முகத்துக்கு நேரே புகழ்ந்தார். கேட்டதற்காக மக்ரிப் நாடுகளைப் பற்றி எழுதியும் கொடுத்தார். உயிர்மேல் ஆசை அவருக்கும் இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. அதே சபையில், சுல்தான் கைவிட்டுப் போன எழுத்தர்களுக்கும் குர்ஆன் ஓதுபவர்களுக்கும் அலுவலர்களுக்கும் பாதுகாப்புக் கேட்டு வாங்கினார். நகரத்தை அவரால் காக்க முடியவில்லை. திமிஷ்க் சூறையாடப்பட்டது, உமய்யா பள்ளிவாசலையும் நெருப்புப் பிடித்தது. எல்லோருக்கும் மேலே கை ஓங்கிய ஒருவர், அவரைத் தடுக்க ஒருவருமில்லை என்று 24 ஆண்டுகளுக்கு முன் எழுதியதை, கண்ணால் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். வழியில் கொள்ளையர்கள் இருந்ததையும் பறித்துக்கொண்டார்கள்.

கெய்ரோவில் அடுத்த ஐந்து ஆண்டுகளில் காழிப் பதவி அவரிடம் வருவதும் போவதுமாக இருந்தது. வேண்டாம் என்று ஒருமுறையாவது சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியதுண்டு. அழைத்தபோதெல்லாம் போனார். அது பதவி ஆசையா, பொறுப்புணர்வா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆறாவது முறையாக நியமிக்கப்பட்ட சில வாரங்களில், ஹிஜ்ரி 808 ரமளான் 26-ல், 1406 மார்ச் 17 அன்று, பதவியில் இருக்கும்போதே வஃபாத்தானார். கெய்ரோவின் பாபுன் நஸ்ர் வாசலுக்கு வெளியே, ஸூஃபிகளின் கபர்ஸ்தானில் அவரை அடக்கம் செய்தார்கள்.