எலும்புச் சாம்பலில் எழுந்த ஆலை

திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் மகிழுந்து ஆலைகள் பல உள்ளன. எஃகு உடற்கூட்டிற்கு வண்ணம் பூசுவதற்கு முன்னர், அதனைப் பாஸ்பேட் கரைசலில் நனைத்தெடுப்பது இத்தொழிலின் வழக்கம். துருவைத் தடுக்கவும் வண்ணம் உறுதியாகப் பற்றவும் அம்மெல்லிய படலம் துணைசெய்யும். ஊர்தியின் மின்கலத்தில் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். பாஸ்பேட்டும் கந்தக அமிலமும் இந்நாட்டின் ஆலைகளுக்குப் பழகிய பொருள்களாவதற்கு முன்பே, அவற்றைத் தம் வீட்டு மாடியிலிருந்து தொடங்க முனைந்த பேராசிரியர் ஒருவர் உண்டு. அவரே பிரபுல்ல சந்திர ராய்.

வங்கத்தின் ராருளி என்னும் சிற்றூரில் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அவர் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் கண்ட கடும் வயிற்றுக்கடுப்பு அவரது படிப்பை இடைநிறுத்தியது. அவ்வோய்வுக் காலத்தில் தந்தையின் நூலகமே பள்ளியாயிற்று. கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று 1882இல் எடின்பரோ சென்றவர், 1887இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும், தாயகம் திரும்பியவருக்கு உயர்பணி வாய்க்கவில்லை. அது ஆங்கிலேயர்க்கே உரியதாயிருந்தது. 1889இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் திங்களுக்கு 250 ரூபாய் ஊதியத்தில் துணைப் பேராசிரியரானார்.

மருந்துகளும் வேதிப்பொருள்களும் பெரும்பாலும் கப்பலேறி வந்த காலம் அது. இறைச்சிக் கடைகளில் வீணாகும் மாட்டெலும்பு அவர் கண்ணிற்பட்டது. எலும்பை எரித்தால் எஞ்சுவது பெரிதும் கால்சியம் பாஸ்பேட்டே. அச்சாம்பலைக் கந்தக அமிலத்துடன் சேர்த்தால் சூப்பர் பாஸ்பேட் கிடைக்கும். அது பயிருக்கு உரம். அதிலிருந்து வடித்த நீருடன் சலவைச் சோடாவைச் சேர்த்தால் சோடியம் பாஸ்பேட் படிகமாகும். அது அந்நாளில் மருந்து. ஏட்டில் எளிதான இவ்வினை, மாடியில் எளிதாக இல்லை. உலர்த்தியிருந்த எலும்புகள் எதிர்பாராத மழையில் நனைந்து அழுகின. காகங்கள் அவற்றைக் கொத்திச்சென்று அண்டை வீடுகளில் இட்டன. அயலார் சினந்ததில் வியப்பில்லை! எலும்புகளை அப்புறப்படுத்தி இரவில் எரியூட்டியபோது, கொலையுண்டவர் உடலை எவரோ எரிக்கின்றனர் என ஐயுற்று ரோந்துக் காவலர் வந்து சோதித்தார்.

ஆயிரம் ரூபாயைக்கூட எட்டாத முதலுடன் 1892இல் வங்க வேதிப்பொருள் ஆலை உருப்பெற்றது. பகலில் கல்லூரி; மாலையில் உலையும் குடுவையும். நாட்டு மருந்தின் தரத்தைக் கடைக்காரர்கள் நம்பவில்லை. நண்பரும் மருத்துவருமான அமூல்ய சரண் போஸ் அம்மருந்துகளைத் தம் நோயாளிகளுக்குப் பரிந்துரைத்து வழிதிறந்தார். 1898இல் கொள்ளைநோய் அவரைக் கொண்டுசென்றது. இளம் வேதியியலரான சதீஷ் சந்திர சின்கா, ஆய்வகத்தில் நேர்ந்த பிழையால் பிரஸிக் அமிலத்திற்கு இரையானார். ஹைட்ரஜன் சயனைடு எனப்படும் அந்நஞ்சு, உடலின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த இயலாதபடி செய்து சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கவல்லது. தோள்கொடுத்த இருவரையும் இழந்த ராய், அனைத்துச் சுமையையும் தனித்தே தாங்கினார். அவர் எழுதிய எந்த நூலினும் இத்துணிவே பெரிது எனலாம்.

1901இல் அது வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. பின்னர் மாணிக்தலாவில் எழுந்த ஆலையில் கந்தக அமிலம் வடிக்கப்பட்டது. கந்தகப் புகையை நீராவியுடனும் நைட்ரஜன் ஆக்சைடுகளுடனும் ஈயத்தகடு பதித்த அறைகளில் செலுத்துவது அக்கால முறை. இரும்பை அரிக்கும் அவ்வமிலம் ஈயத்தின்மீது கரையாத படலத்தை உண்டாக்கித் தானே தடைப்பட்டு நிற்கும். காலப்போக்கில் அந்நிறுவனத்தின் பினாயிலும் அந்துருண்டையும் வீடுகளுக்குள் புகுந்தன.

இதனிடையே 1896இல் மெர்குரஸ் நைட்ரைட்டைக் கண்டறிந்து வெளியிட்டார். இந்திய வேதியியல் வரலாற்றை இரு தொகுதிகளாக எழுதினார். மேகநாத் சாகா போன்ற மாணவர்களை உருவாக்கினார். 1922இல் வடவங்கத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது துயர்துடைப்புப் பணிக்குத் தலைமையேற்றார்.

மணம் புரியாத ராய், பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியின் அறை ஒன்றிலேயே வாழ்ந்தார். அறுபது வயதிற்குப்பின் தமக்குரிய ஊதியத்தைப் பல்கலைக்கழகத்திற்கே விட்டுக்கொடுத்தார். 1944ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் அவ்வறையிலேயே அவர் உயிர் பிரிந்தது.