தயிரை ஆராய்ந்த அறிஞர்

நாள்தோறும் உணவில் தயிர் சேர்த்துக்கொள்வது நம் வழக்கம். உடல் நோயை எவ்வாறு எதிர்க்கிறது என்பதையும், தயிர் உடலுக்கு என்ன நன்மை செய்யும் என்பதையும் ஆராய்ந்தவர் இலியா மெச்னிக்கோவ் ஆவார்.

இவர் 1845ஆம் ஆண்டு, இன்றைய உக்ரைன் நாட்டின் கார்கிவ் நகருக்கு அருகில் பிறந்தார். ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராகப் பணியாற்றினார். இவருடைய முதல் மனைவி லுத்மிலா 1873இல் காசநோயால் இறந்தார். அக்காலத்தில் அந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை.

1882இல் பதவியைத் துறந்து, இத்தாலியின் மெசினா நகரில் தங்கினார். ஒருநாள் குடும்பத்தார் சர்க்கஸ் காணச் சென்றனர். அவர் மட்டும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, கண்ணாடிபோன்ற உடலையுடைய நட்சத்திர மீனின் இளவுயிரிகளை நோக்கிக்கொண்டிருந்தார். அவற்றின் உடலுக்குள் சில செல்கள் நகர்வதைக் கண்டார். உள்ளே நுழையும் பகையை எதிர்ப்பவை இவையாக இருக்கலாமோ என்னும் எண்ணம் தோன்றியது. உடனே தோட்டத்திலிருந்து ரோஜா முட்களைப் பறித்து வந்து, அவ்வுயிரிகளின் உடலில் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் பார்த்தபோது, முள்ளைச் சுற்றி அச்செல்கள் திரண்டு நின்றன.

நம் குருதியிலுள்ள வெள்ளையணுக்களுள் சிலவும் இவ்வாறே நோய்க்கிருமிகளைச் சூழ்ந்து விழுங்குகின்றன என்று அவர் விளக்கினார். அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. கிருமிகளை அழிப்பது குருதியின் நீர்ப்பகுதியே என வாதிட்டனர். மெச்னிக்கோவ் தளரவில்லை. 1888 முதல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிச் சான்றுகளைத் திரட்டினார். 1908இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவருக்கும், குருதிநீரின் ஆற்றலை ஆராய்ந்த பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இரு தரப்பிலும் உண்மை இருந்தது.

பிற்காலத்தில் மெச்னிக்கோவ் முதுமையைப் பற்றி ஆராய்ந்தார். பெருங்குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நஞ்சால் உடல் தளர்கிறது என எண்ணினார். தயிர் மிகுதியாக உண்ணும் பல்கேரிய நாட்டுச் சிற்றூர் மக்களுள் நெடுநாள் வாழ்வோர் பலர் எனக் கேள்வியுற்றார். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் தீய பாக்டீரியாக்களைத் தடுக்கும் என்று கருதி, தாமும் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். 1916இல் தம் 71ஆம் வயதில் இதயநோயால் மறைந்தார்.

தயிர் ஆயுளை நீட்டிக்கும் என்னும் அவருடைய கருத்து மெய்ப்பிக்கப்படவில்லை. தயிரிலுள்ள பாக்டீரியாக்கள் குடலில் நிலையாகத் தங்குவதும் இல்லை. எனினும், நம் நோய் எதிர்ப்புச் செல்களுள் பல குடலைச் சார்ந்து உள்ளன. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அச்செல்களின் செயலை மாற்றவல்லவை என்பது இன்று தெளிவாகியுள்ளது. தயிரைத் தொடர்ந்து உண்பது நோய் எதிர்ப்பாற்றலுக்கு எந்த அளவு துணைபுரியும் என்பதை அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர். தயிர் சத்துள்ள உணவு, மருந்தன்று. புகழ்பெற்ற அறிஞரே கூறினும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்பதையும் மெச்னிக்கோவின் வாழ்வு கற்பிக்கிறது.

சொல்லும் பொருளும்
குருதி – இரத்தம்
ஆயுள் – வாழ்நாள்
மெய்ப்பித்தல் – உண்மை என நிறுவுதல்

வினாக்களுக்கு விடை எழுதுக
1. மெச்னிக்கோவ் ரோஜா முட்களைக் கொண்டு செய்த சோதனை யாது?
2. நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது ஏன்?
3. தயிரைப் பற்றிய மெச்னிக்கோவின் கருத்துகளுள் மெய்ப்பிக்கப்படாதது எது?
4. உங்கள் வீட்டில் தயிர் உறையிடும் முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.