49 ஆண்டுகள் கழித்து வந்த பதில்

குண்டசாலையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில், இரவு வேலையின்போது 'எம்பாலோ' என்ற இசைத்தட்டை அடிக்கடி கேட்பேன். 1964இல் வெளிவந்த பிரேசிலின் பொசா நோவா இசை. அதில் பியானோ வாசித்தவர் யார் என்று தேடியபோதுதான், அவரும் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர் என்று தெரிந்தது.

பெயர் பிரான்சிஸ்கோ தெனோரியோ ஜூனியர். ரியோ டி ஜெனிரோக்காரர். மருத்துவம் படித்துக்கொண்டே கோபகபானாவின் சிறிய இரவு விடுதிகளில் வாசித்தவர். தன் பெயரில் அவர் வெளியிட்டது அந்த ஒரு தட்டு மட்டுமே. பிறகு மற்றப் பாடகர்களுக்கு வாசித்தே குடும்பத்தைப் பார்த்தார்.

1976 மார்ச்சில் கவிஞர் வினீசியஸ் டி மோராயிஸின் குழுவோடு ஆர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸுக்குக் கச்சேரிக்குப் போனார். 18ஆம் திகதி அதிகாலை, சாப்பாடும் மருந்தும் வாங்கிக்கொண்டு உடனே வருவதாகத் துண்டு எழுதி வைத்துவிட்டு ஹோட்டலில் இருந்து இறங்கினார். திரும்பி வரவில்லை. ஆறாம் நாள் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

தெனோரியோவுக்கு அரசியல் தொடர்பு எதுவும் இல்லை. தாடியையும் நீண்ட முடியையும் பார்த்துச் சந்தேகத்தில் பிடித்திருப்பார்கள் என்றே பலரும் நம்பினார்கள். முன்னாள் இராஜதந்திரியான வினீசியஸ் ஆஸ்பத்திரி, பொலிஸ், தூதரகம் என்று அலைந்தும் பலனில்லை. ரியோவில் நான்கு பிள்ளைகளோடு இருந்த மனைவி அப்போது கர்ப்பிணி.

2025 செப்டம்பரில்தான் பதில் வந்தது. காணாமல் போய் இரண்டாம் நாள், நகரத்துக்கு வெளியே வெறுங்காணியில் சூட்டுக் காயங்களோடு ஓர் உடல் கிடந்திருக்கிறது. விரலடையாளம் எடுத்து, பெயரில்லாமல் புதைத்துவிட்டார்கள். அந்த விரலடையாளத்தை ஒப்பிட்டே அது தெனோரியோ என்று தடயவியல் குழு உறுதிசெய்தது.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் போராடும் தாய்மாரில் ஒருவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். இசையைப் பற்றி அம்மா எதுவும் கேட்கவில்லை. அந்த விரலடையாளத் தாளை இத்தனை வருடமும் யார் வைத்திருந்தது என்று மட்டும் கேட்டார். அரசாங்கம்தான் என்றேன். 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் மகனை இராணுவத்திடம் ஒப்படைத்தபோது, ஒருவர் கொப்பியில் அவன் பெயரை எழுதியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அந்தக் கொப்பியைத்தான் அவர் இன்றும் கேட்கிறார்.