ஹொரிகோஷி ஜிரோ: சித்திரத்திலும் சரித்திரத்திலும்

யப்பானியர் அனிமே என்று வழங்கும் இயங்கு சித்திரப் படங்களைச் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே இன்னும் பலர். அவற்றுள் அவலச் சுவை மிக்க சிலவற்றையேனும் பொறுமையோடு பார்த்தவர்க்கு அவ்வெண்ணம் நிலைக்காது. அப்படங்களில் வரும் துன்பியல் நாயகர் பலர் தீயவரல்லர். நல்லவர் என்று துணிந்து கூறவும் இயலாது. தம் கைகள் செய்வதைத் தம் கண்கள் காணாவண்ணம் நடுவே ஒரு திரையைத் தாமே கட்டிக்கொண்டு வாழ்பவர்கள் அவர்கள். ஹயாவோ மியாசாக்கி 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட காற்று எழுகிறது என்னும் படத்தின் நாயகனை அவ்வினத்தில் முதல்வனாக நான் கொள்வேன். ஏனையோர் பெரும்பாலும் கற்பனையிற் பிறந்தவர். இவனோ உண்மையில் வாழ்ந்த ஒரு பொறியியலாளரின் பெயரையும் தொழிலையும் தாங்கி நிற்பவன். அப்பொறியியலாளரே ஹொரிகோஷி ஜிரோ. இரண்டாம் உலகப் போரில் யப்பானியக் கடற்படையின் கைவாளாக விளங்கிய சீரோ என்னும் சண்டை விமானத்தை வகுத்தவர். படத்து ஜிரோவுக்காகக் கண்ணீர் வடித்தவர் உலகெங்கும் உளர். மண்ணில் வாழ்ந்த ஜிரோவின் வரலாற்றையே இங்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

அவர் 1903ஆம் ஆண்டு யூன் 22ஆம் திகதி, கடலோரமற்ற குன்மா மாகாணத்துப் புஜியோக்கா என்னும் ஊரிற் பிறந்தார். ரைட் சகோதரர் முதன்முதல் விசை விமானத்திற் பறந்ததும் அவ்வாண்டின் இறுதியிலேதான். ரோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் பயின்று 1927இல் வெளியேறிய அவர், நகோயா நகரிலிருந்த மிட்சுபிஷி விமானத் தொழிற்சாலையில் அமர்ந்தார். யப்பான் அக்காலத்தில் அயல்நாட்டு நிபுணரை வரவழைத்தும், அவர்தம் வரைபடங்களை விலைக்கு வாங்கியுமே விமானங்களைச் செய்துவந்தது. 1929, 1930ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் ஜுங்கர்ஸ் தொழிற்சாலையையும் அமெரிக்காவின் கேர்ட்டிஸ் தொழிற்சாலையையும் கண்டு பயின்று திரும்பிய இளைஞருக்கு, 1932இல் கடற்படைச் சண்டை விமானமொன்றின் தலைமை வகுப்பாளர் என்னும் பொறுப்புக் கிடைத்தது. அம்முயற்சி தோல்வியுற்றது. கட்டிய விமானங்கள் இரண்டும் பரீட்சைப் பறப்பிலேயே அழிந்தன.

அத்தோல்வியினின்றும் எழுந்ததே 1935இற் பறந்த அடுத்த விமானம். ஆணித்தலைகளைத் தகட்டின் மேற்பரப்போடு பரப்பாக அமிழ்த்திக் காற்றின் தடையைக் குறைத்த அழகிய வடிவம் அது. எதிர்பார்த்ததற்கும் மேலான வேகத்தில் அது பறந்தது. மியாசாக்கியின் படம் இவ்வெற்றியைத்தான் உச்சமாகக் கொள்கிறது. அவ்வேளையிலேயே, கயரோகத்தால் வாடிய ஜிரோவின் இளம் மனைவி அவனைவிட்டு நீங்கிச் செல்கிறாள். அடுத்து நாம் காண்பது போர் முடிந்தபின் உடைந்து கிடக்கும் விமானங்களின் வெளி. இடைப்பட்ட பத்தாண்டுகளையும் படம் ஒரே தாவலிற் கடந்துவிடுகிறது. ஒரு மனிதனின் நெஞ்சை நிறுத்துப் பார்க்க வேண்டிய ஆண்டுகள் அந்தப் பத்துமே அன்றோ?

அம்மனைவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் ஹொரிகோஷியின் வாழ்வில் இருந்தவள் அல்லள். எழுத்தாளர் ஹொரி தட்சுவோ, நோயாற் காதலியை இழந்த துயரிலிருந்து ஆக்கிய நாவலிலிருந்து மியாசாக்கி எடுத்து இணைத்த பாத்திரம் அவள். உண்மை ஹொரிகோஷி மனைவி மக்களோடு இல்லறம் நடத்தியவர். இந்த இணைப்பைக் கலையழகு மிக்கது என்று போற்றுவோர் உளர். நானும் அவ்வழகை மறுக்கவில்லை. ஆயினும், நம் கண்ணீர் முழுவதையும் அவள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். விமானத்தின் கீழே இருந்தவர்களுக்கென்று நம்மிடம் எதுவும் மீதமில்லை.

படம் தாவிச்சென்ற ஆண்டுகளுக்கு வருவோம். 1937இற் சீனத்தோடு போர் மூண்டது. 1935இல் வகுத்த விமானமே அங்கு சென்று சண்டையிட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் கடற்படை புதிய விமானமொன்றுக்கான நிபந்தனைகளை விதித்தது. வேகம் வேண்டும், தூரம் வேண்டும், வளைந்து திரும்பும் இலாகவம் வேண்டும், பெரிய பீரங்கிகளும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான வேண்டுகோள்கள் இவை. போட்டி நிறுவனமான நகாஜிமா ஒதுங்கிக்கொண்டது. 1938இல் நடந்த கூட்டமொன்றில் கென்டா என்னும் அதிகாரி இலாகவமே முதன்மை என்றார். ஷிபாத்தா என்னும் அதிகாரி வேகமும் தூரமுமே முதன்மை என்றார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டையும் செய்து முடிப்பதே தம் கடன் என்று ஹொரிகோஷி மேற்கொண்டார்.

கைவசம் இருந்த இயந்திரமோ ஆயிரம் குதிரைவலுவையும் எட்டாதது. எஞ்சிய வழி எடையைக் குறைத்தல் ஒன்றே. பொற்கொல்லன் குன்றிமணி கொண்டு நிறுப்பதுபோல் ஒவ்வோர் உறுப்பையும் அவர் நிறுத்தார். அப்பொழுதுதான் உருவாகியிருந்த உறுதிமிக்க அலுமினியக் கலவையை இறக்கையின் முதுகெலும்புக்குப் பயன்படுத்தினார். உள்ளுறுப்புக்களிற் பாரங்குறைக்கத் துளையிட்டார். விமானியின் முதுகுக்குக் கவசத் தகடு இல்லை. குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருட் தாங்கியும் இல்லை. அவற்றைக் கடற்படை கேட்கவில்லை என்பது உண்மை. வகுத்தவர்கள் அக்குறையோடே விமானத்தை நிறைவாக்கினார்கள் என்பதும் உண்மை. வரைபடத்திலே அது எடைக் குறைப்பு. வானத்திலே ஓர் இளைஞன் எரிந்து வீழ்தல். இவ்விரண்டையும் இணைக்கும் கோட்டை மட்டும் அந்த வரைபடப் பலகைகளில் எவரும் கீறவில்லை.

தொழிற்சாலையை அடுத்து விமானத்தளம் இல்லாமையாற் புதிய விமானத்தைப் பிரித்து மாட்டு வண்டிகளில் ஏற்றி, ஏறத்தாழ முப்பது மைல் தொலைவிலிருந்த ககாமிகஹாராவுக்குக் கொண்டுசென்றனர். மோட்டார் லொறி கரடுமுரடான வீதியிற் குலுங்கி விமானத்தைச் சேதப்படுத்தும் என்று அஞ்சினர். 1939 ஏப்பிரல் 1ஆம் திகதி அது வானில் எழுந்தது. மறுவருடம், யப்பானியர் தம் பேரரசின் ஆண்டுக்கணக்கில் 2600 என்று எண்ணிய 1940இற் சேவைக்கு ஏற்கப்பட்டமையால், அதன் இறுதி இலக்கமாகிய சீரோ விமானத்தின் பெயராயிற்று.

அதற்கு முன், 1940 மார்ச்சில், பரீட்சைப் பறப்பின்போது விமானமொன்று ஆகாயத்திலேயே சிதறி ஒக்குயாமா என்னும் விமானி மாண்டார். 1941 ஏப்பிரலில் ஷிமோகாவா என்னும் அதிகாரி, இறக்கை நடுக்கத்தின் காரணத்தை அறியவேண்டித் தாமே பாய்ந்து பறந்து உயிர்நீத்தார். இவ்விரு மரணங்களும் ஹொரிகோஷியை ஆழமாகத் தைத்தன. பின்னாளில் எழுதிய நூலிலும் அவற்றை விரிவாக நினைவுகூர்ந்தார். அவரைக் கல்நெஞ்சர் என்று கூறுவோர்க்கு இது போதிய மறுமொழி. எனினும் அவர் இரக்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது போலத் தோன்றுகிறது. பெயரும் முகமும் அறிந்தவரிடம் அது பெருகியது. அறியாதவரிடம் சென்றடைந்ததற்குச் சான்று காண்பது அரிது.

அறியாதவர்கள் யார்? 1940 செப்ரெம்பர் 13ஆம் திகதி சுங்கிங் நகருக்கு மேலே 13 சீரோ விமானங்கள் சீன விமானப்படையோடு பொருதித் தம்மில் ஒன்றையும் இழக்காமல் வென்றன. அச்செய்தி நகோயாவிற் பெருமகிழ்ச்சியை விளைத்தது. முன்னர் அந்நகர்மேற் குண்டுவீசச் சென்ற விமானங்களுக்கு அவ்வளவு தூரம் துணைசெல்ல வல்ல சண்டை விமானம் இருக்கவில்லை. மேலதிகத் தாங்கியோடு மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேற் பறக்கவல்ல சீரோ அக்குறையைத் தீர்த்தது. பொறியியலாளர் தூரம் என்று கணக்கிட்டது, சுங்கிங் மக்களுக்குத் தடுப்பாரற்ற குண்டுமழையாயிற்று.

நமது நாடும் அத்தூரத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. 1942 ஏப்பிரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையிற் கொழும்பின்மேல் வந்த விமானங்களுள் 36 சீரோக்கள். ஏப்பிரல் 9ஆம் திகதி அவை திருகோணமலைக்கு வந்தன. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும் அன்றேயாகும். விமானங்களின் வரைபடம் நகோயாவில் ஒரு மேசையிற் பிறந்தது என்பதை அன்று கரையில் நின்றவர் எவர் அறிவார்?

1943இன் பின்னர் அமெரிக்கரின் புதிய விமானங்களுக்குமுன் சீரோ தளர்ந்தது. ஹொரிகோஷி வேறு விமானங்களையும் வகுத்தார், காலம் கடந்துவிட்டது. அமெரிக்காவோடு போரிட்டு யப்பான் வெல்லாது என்பதை அந்நாட்டின் தொழிற்சாலைகளை நேரிற் கண்ட அவர் அறிந்திருந்தார். அரசாங்கம் ஏதோ ஓர் இராசதந்திர வழியை மனத்துள் வைத்தே போரிற் குதித்திருக்கும் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். வழியொன்றும் இல்லை என்பது தெளிவானபோது இராணுவத் தலைமையையும் குருட்டு அரசியல்வாதிகளையும் நாட்குறிப்பிற் கடிந்தெழுதினார். வீடணனைப்போல் அவர் விட்டு நீங்கவில்லை. கும்பகருணனைப்போல் எதிர்நின்று இடித்துரைத்துவிட்டுக் கடனாற்றச் செல்லவும் இல்லை. நாட்குறிப்பிலே கடிந்தார், பகலிலே வகுத்தார்.

1944 ஒக்ரோபரிற் பிலிப்பைன்ஸ் கடலில் விமானிகள் தம் சீரோக்களைக் குண்டுகளோடு எதிரிக் கப்பல்கள்மேல் மோதி மாளும் தாக்குதல் தொடங்கியது. அவ்வீரரைப் போற்றும் நூலொன்றுக்குக் கட்டுரை எழுதுமாறு ஹொரிகோஷியைக் கேட்டனர். அவர் கண்ணீர் பெருக எழுத முடியாது திகைத்தார் என்றும், தம் விமானம் ஏன் இவ்வாறு பயன்படவேண்டும் என்று உள்ளம் வெதும்பினார் என்றும் அறிகிறோம். ஆயினும் எழுதிக்கொடுத்தார். அவர் வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இந்நிகழ்ச்சியே. முகமறியா இளைஞருக்காகவும் அவர் அழுதார் என்பதற்கு இது சான்று. அழுகை கையைத் தடுக்கவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

அவ்வாண்டு டிசெம்பர் 7ஆம் திகதி நிலநடுக்கம் நகோயாத் தொழிற்சாலையைத் தகர்த்தது. கொரியாவிலிருந்து, படிக்கலாம் என்று ஆசைகாட்டி அழைத்துவரப்பட்டு அங்கு விமான உறுப்புக்கள் செய்த சிறுமியருள் அறுவர் இடிபாடுகளில் மாண்டனர். உயிர்பிழைத்தோர் முதுமையில் வழக்காடினர். 2018 நவம்பரில், மிட்சுபிஷி அவர்களுக்கு நட்டஈடு வழங்கவேண்டும் என்று தென் கொரிய உயர் நீதிமன்றம் தீர்த்தது. மியாசாக்கியின் படத்தில் இச்சிறுமியர்க்கு இடமில்லை. கொரியாவிற் படத்துக்கு எழுந்த கண்டனத்துக்கு அதுவும் ஒரு காரணம். போரை வெறுப்பவர் என்று பெயர்பெற்ற மியாசாக்கி போர் விமானங்களின்மேற் காதல் மிக்கவர். அவர் குடும்பத்தாரின் தொழிற்சாலையே சீரோவுக்கு உறுப்புக்கள் செய்துகொடுத்தது. வேறொருவர் கதையில் அவர் தம் வீட்டுக் கதையையும் கலந்து சொன்னார் என்று நான் எண்ணுகிறேன். அதனாலேயே படத்து ஜிரோவை அவராற் கண்டிக்கவும் முடியவில்லை, முற்றாக மன்னிக்கவும் முடியவில்லை. அந்தத் தடுமாற்றம் படத்தின் குறையன்று. அதன் உயிரே அதுதான்.

1944 டிசெம்பரில் நுரையீரல் உறை அழற்சியால் நோயுற்ற ஹொரிகோஷி மாதக்கணக்கிற் படுக்கையிற் கிடந்தார். 1945 ஓகஸ்ட் மாதத்திற் போர் முடிந்தது. அதற்குள் சீரோக்கள் பதினாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டிருந்தன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை, முன்பு ஒதுங்கிய நகாஜிமா நிறுவனத்திலேயே செய்யப்பட்டவை. விமானஞ் செய்தல் 1952 வரை யப்பானுக்குத் தடைசெய்யப்பட்டிருந்தது. தடை நீங்கியபின் பழைய தோழர் சிலருடன் வைஎஸ்-11 என்னும் பயணிகள் விமானத்தின் ஆரம்ப வகுப்பிற் பங்குகொண்டார். அது 1962இற் பறந்தது. ரோக்கியோப் பல்கலைக்கழகத்திலும், பாதுகாப்புக் கல்விக் கழகத்திலும், நிஹொன் பல்கலைக்கழகத்திலும் போதித்தார். 1970இல் தம் விமானத்தைப்பற்றி எழுதிய நூலுக்கு அதன் பிறப்பும் மகிமையும் பற்றிய பதிவு என்று துணைப்பெயர் இட்டார். அழிவு என்ற சொல் அட்டையில் இல்லை.

1982 ஜனவரி 11ஆம் திகதி, தமது 78ஆம் வயதில், நுரையீரற் சுரத்தால் ரோக்கியோவிற் காலமானார். சீரோ விமானமொன்று அந்நகரிலேயே, யசுகுனி ஆலயத்து நூதனசாலையின் முகப்பு மண்டபத்திற் பச்சை வண்ணம் பூசி வைக்கப்பட்டிருக்கிறது. யப்பானின் பொருட்டுப் போரில் இறந்தவர்களை வழிபடும் ஆலயம் அது.