தொன் பொஸ்கோவைப் பிரியாதவர்கள்

ஊதியம் கிடைக்கும் வரை ஒரு தலைவனிடம் உழைப்பவர் பலர். இடுக்கண் வந்த பின்னரும் அவனுடன் நிலைத்திருப்பவர் சிலரே. அத்தகைய பற்றுறுதி எவ்வாறு பிறக்கின்றது என்பதைப் புனித தொன் பொஸ்கோவின் வாழ்வு நமக்கு எடுத்துரைக்கின்றது.

வட இத்தாலியில் 1815ஆம் ஆண்டு ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தையை இழந்தார். 1841இல் குருவாகித் துரின் நகருக்கு வந்தபோது, கட்டட வேலைகளிலும் பட்டறைகளிலும் ஆதரவின்றி உழைத்த சிறுவர்களைக் கண்டு மனமிரங்கினார். ஞாயிறுதோறும் அவர்களை ஒன்றுகூட்டி மறைக்கல்வி புகட்டினார், அவர்களுடன் விளையாடினார். வார நாட்களில் அவர்களது வேலைத்தலங்களுக்கே சென்று நலம் விசாரித்தார்.

1846இல் அவர் முன் ஒரு கடினமான தெரிவு வைக்கப்பட்டது. அவர் ஆன்மீகப் பணியாற்றிய இல்லங்களை நடத்திய பரோலோ சீமாட்டி, அவரது உடல்நலம் கெடுவதைக் கண்டு, சிறுவர் பணியைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டார். தொன் பொஸ்கோ நிலையான வருமானத்தை இழந்து சிறுவர்களைத் தெரிந்துகொண்டார். அவ்வாண்டு யூலையில் அவர் மரணத் தறுவாயில் கிடந்தபோது, உழைத்துக் களைத்த அதே சிறுவர்கள் உணவை ஒறுத்து, அன்னை மரியாளின் திருத்தலத்தில் அவருக்காக மன்றாடினர். நலம் பெற்று எழுந்தவர், தம் எஞ்சிய வாழ்நாள் அவர்களுக்கே உரியது என்றார்.

அச்சொல்லுக்குச் செயல் வடிவமும் கொடுத்தார். 1851, 1852ஆம் ஆண்டுகளில் சிறுவர்களைத் தொழில் பயிலப் பட்டறை முதலாளிகளிடம் ஒப்படைத்தபோது, ஒப்பந்தம் எழுதித் தாமும் கையொப்பமிட்டார். தொழிலுக்குப் புறம்பான ஏவல் கூடாது. தவறைச் சொல்லால் திருத்தவேண்டும், அடிக்கலாகாது. திருநாட்களில் ஓய்வு வேண்டும். ஊதியம் படிப்படியாக உயரவேண்டும். சிறுவனும் கீழ்ப்படிவுடன் ஊக்கமாக உழைப்பதாக வாக்களித்தான்.

1859 டிசெம்பர் 9ஆம் நாள், தம்முடன் வளர்ந்த இளைஞர்களை அழைத்து, துறவற சபை ஒன்றைத் தொடங்கும் எண்ணத்தை வெளியிட்டார். எவரையும் வற்புறுத்தாது, சிந்திக்க ஒரு வாரம் அளித்தார். துறவிகளுக்கு எதிராக அரசே சட்டமியற்றியிருந்த காலம் அது. யோவான் கலியேரோ என்ற இளைஞர் நெடுநேரம் தனியே உலாவிப் போராடியபின், துறவியானாலும் ஆகாவிட்டாலும் தொன் பொஸ்கோவைப் பிரிவதில்லை எனத் தீர்மானித்தார். 18ஆம் நாள் மீண்டும் கூடியபோது வராதோர் ஓரிருவரே. அந்தக் கலியேரோவே 1875இல் சலேசிய மறைபரப்புநரின் முதற் குழுவை ஆர்ஜென்டீனாவுக்கு வழிநடத்தினார். சிறுவனாக வந்துசேர்ந்த மிக்கேல் ரூவா, பின்னர் சபையின் தலைவரானார்.

முதுமையில், 1884 மே மாதம் உரோமையிலிருந்து எழுதிய மடலில், தம் இல்லத்தில் பழைய உறவு தளர்ந்திருப்பதை எண்ணி வருந்தினார். பொறுப்பாளர்கள் இளைஞரிடையே கலந்து பழகாது விலகி நின்றதையே அதன் காரணமாகக் கண்டார். உள்ளத்தில் மறைந்திருக்கும் அன்பு, மற்றவர் உணரும்வண்ணம் வெளிப்பட வேண்டுமென்பது அவரது துணிபு.

1888 ஜனவரி 31இல் அவர் இறைவனடி சேர்ந்தார். 1934இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

நமது கடையிலும் வயலிலும் வீட்டிலும் நமக்காக உழைப்பவர்கள் இருக்கின்றார்கள். அவர்களின் பிள்ளைகளது பெயர் நமக்குத் தெரியுமா? பேசிய ஊதியம் உரிய நாளில் அவர்கள் கையைச் சேர்கின்றதா? நாம் நோயுற்றுக் கிடந்தால், நமக்காகச் செபிக்க அவர்களுள் எத்தனை பேர் முன்வருவர்? நல்லாயன் தன் ஆடுகளை அறிந்திருக்கிறார். ஆகவே அவை அவர் பின்னே செல்கின்றன.