வெள்ளிக் குழாயும் அபினும்

பட்டம் பறக்கவிட்டு மின்னலை ஆராய்ந்தவர், இடிதாங்கியைத் தந்தவர் என்று பெஞ்சமின் பிராங்கிளினை நம் மாணவர் நன்கறிவர். பட்டம் பறந்த அதே 1752ஆம் ஆண்டில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். சிறுநீர் சம்பந்தப்பட்டதாகையால் அதனைப் பாடநூல்கள் கூச்சத்தோடு விட்டுவிட்டன போலும்.

இந்தக் கூச்சம் நம் மலைநாட்டுக்கும் புதிதன்று. அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டமொன்றில், சத்திர சிகிச்சை முடிந்தோ புற்றுநோயின் கொடுமைக்காகவோ மோர்பின் மருந்து பெற்ற முதியவர் ஒருவர் லயத்துக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலி அடங்குகிறது, ஆனால் சிறுநீர் இறங்க மறுக்கிறது. ஒற்றைக் காம்பராவில் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சூழ்ந்திருக்க, அடிவயிறு கனப்பதை அவர் யாரிடம் சொல்வார்? பனியிலே வெளிக் கக்கூசுக்கு நாலைந்து முறை நடந்துவிட்டு, வயசுக் கோளாறு என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். பிராங்கிளின் அப்படி மூடிக்கொண்டவர் அல்லர்.

1706 சனவரி 17ஆம் நாள் பொஸ்ரன் நகரில் சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்து விற்ற ஒருவரின் பதினைந்தாவது பிள்ளையாக அவர் பிறந்தார். பத்து வயதிலே பள்ளி வாழ்வு முடிந்தது. அண்ணன் யேம்சிடம் அச்சுத் தொழில் பழகி, 1723இல் அவரிடமிருந்து ஓடிப் பிலடெல்பியா சேர்ந்து, அச்சகத்தாலும் பத்திரிகையாலும் செல்வரானார். 1751இல் தோமஸ் பொண்ட் என்னும் வைத்தியரோடு சேர்ந்து பென்சில்வேனியா வைத்தியசாலையை நிறுவினார். இவையெல்லாம் பலரும் எழுதியவை.

மூத்த சகோதரர்களுள் ஒருவரான யோன், பொஸ்ரனிலே சிறுநீர்ப்பைக் கல்லால் துன்புற்றார். சிறுநீர் வடிக்க அக்காலத்தில் பெரிதும் வழங்கியவை வளையாத உலோகக் குழாய்கள். அவற்றைச் செலுத்தும்போது நோயாளி பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. வளையக்கூடிய குழாய் வேண்டுமென்பதைப் பிராங்கிளின் சிந்தித்தார். உடனே வெள்ளித் தட்டாரிடம் போனார். எவ்வாறு செய்ய வேண்டுமென்று சொல்லிக் கொடுத்து, வேலை முடியும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைய தபால் போவதற்குள் அது முடிந்தாக வேண்டுமே! 1752 திசெம்பர் 8ஆம் நாள் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கினார். குழாய் சற்றுப் பெரிதாய்ப் போயிற்றோ என்னும் ஐயமும் அவருக்கு இருந்தது. அப்படியாயின் எந்தத் தட்டாரும் மெல்லிய கம்பியில் மீண்டும் முறுக்கிச் சிறிதாக்கலாம் என்று வழியும் சொன்னார். மின்னலை ஆராய்ந்த அறிவை அண்ணனின் சிறுநீர்த் துன்பத்துக்குச் செலவிடுவதை அவர் இழிவாக நினைக்கவில்லை. யோன் 1756இல் மறைந்தார்.

கல் நோய் முதுமையில் தம்பியையும் பிடித்தது. பிரான்சிலே தூதுவராயிருந்த காலத்தில், 1782 அளவில், அது தலைகாட்டியது. வண்டியின் குலுக்கல் பொறுக்க முடியாததாயிற்று. 1785இல் தாயகம் திரும்பப் பாரிசுக்கு அருகிலிருந்து துறைமுகம் வரை செல்ல, அரசி மரீ அந்துவானெத்தின் பல்லக்கைக் கோவேறு கழுதைகள் சுமந்து வந்தன. கொழுந்து லொறியிலே நோயாளியை ஏற்றித் தோட்டப் பாதையில் வந்தவர்களுக்கு அந்தப் பல்லக்கின் அருமை விளங்கும். டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது உண்மை. ஆயினும் லயத்திலிருந்து பெருந்தெருவை எட்டுவதே பலருக்குப் பெரும் பயணம்.

அறுவைக்கு வயது இடந்தரவில்லை. இலண்டன் வைத்தியர்களுக்குத் தம் நோயின் குறிகளைக் கூச்சமின்றி எழுதி அனுப்பி ஆலோசனை கேட்டார். இறுதியாண்டுகளில் வலிக்கு அபினே துணையாயிற்று. அது அவ்வப்போது ஆறுதல் தந்தது. ஆயினும் பசியைப் போக்கி, செரிமானத்தைக் கெடுத்துத் தம்மை எலும்பும் தோலுமாக்கியதாக 1789இல் நண்பருக்கு எழுதினார்.

அபினுக்கு வேறொரு கேடும் உண்டு. அபினும், அதிலிருந்து பின்னாளில் ஜெர்மானிய மருந்தாளர் சேர்ட்யூர்னர் பிரித்தெடுத்த மோர்பினும், சிறுநீர்ப்பை நிறைந்துவிட்டது என்னும் உணர்வை மழுங்கச் செய்கின்றன; பையைச் சுருக்கும் தசையைத் தளர்த்துகின்றன; வாயிலைக் காக்கும் தசையை இறுக்குகின்றன. மலச்சிக்கலும் சேர்ந்தால் நெருக்கடி கூடும். புரொஸ்ரேற் சுரப்பி பருத்த முதிய ஆண்களுக்கும், முதுகுத்தண்டில் ஊசிவழி இம்மருந்து பெற்றவர்களுக்கும் அபாயம் அதிகம். இதற்காக வலி மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது. வைத்தியர் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். அடிவயிறு புடைத்துச் சிறுநீர் முற்றாக நின்றுவிட்டால் அன்றே வைத்தியசாலையை அடைய வேண்டும். அங்கே இடுவது வடிகுழாய்தான். அண்ணனுக்காகக் குழாய் செய்வித்தவர், குழாயைத் தேவையாக்கக்கூடிய மருந்தையே தம் கடைசி நாட்களில் நம்பியிருந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் சற்றுத் தயங்குகிறது.

படுக்கையும் அபினும் அவரது எழுத்தை நிறுத்தவில்லை. ஒரு காலத்தில் தாமே அடிமைகளை வைத்திருந்தவர், 1790 பெப்ரவரியில் அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனுவில், ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகக் கையொப்பமிட்டுக் காங்கிரசுக்கு அனுப்பினார். அதை எதிர்த்துப் பேசியவரை எள்ளி மார்ச் 23ஆம் நாள் ஓர் அங்கதக் கட்டுரை எழுதினார். அதற்கு இருபத்தைந்தாம் நாள், ஏப்ரல் 17ஆம் தேதி இரவு, நுரையீரலில் கட்டிய சீழ் உடைந்து, தமது எண்பத்து நான்காம் வயதில் உயிர் நீத்தார். பேரர் இருவரும் கட்டிலருகே இருந்தனர்.